நாலு நூல் துளை

கடலுக்கும் எனக்கும் உள்ள பழக்கம் வருஷத்துக்கு ஒருமுறை திருச்செந்தூரில் முழங்கால் நனைவதோடு சரி. அப்படிப்பட்ட நான், துருப்பிடிக்காத எட்டு எஸ்.எஸ். இரும்புப் பட்டைகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு மலேசியாவின் லங்காவித் தீவுக்குப் போய், ஒரு பாய்மரப் படகின் மரம் விழாமல் நிறுத்திவிட்டு வந்தேன். இதைச் சொல்லிக்கொள்ளாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

எனக்குச் சங்கரன்கோவிலில் திருவேங்கடம் ரோட்டில் லேத் பட்டறை. விசைத்தறிகளுக்கு ஷாப்ட், புஷ், போர் மோட்டார்களுக்குச் சில்லறை வேலை. டிரில்லிங் மிஷினில் மாசானம். இருபது வருஷமாக என்னோடு இருக்கிறவன். என்னைவிட ஒரு வயது மூத்தவன் என்று சாதிப்பான். ஆனால் கூப்பிடுவது அண்ணாச்சி என்றுதான்.

லங்காவியில் இருப்பது என் அக்கா கோமதியும் அத்தான் வெள்ளத்துரையும். அத்தானுக்கு மேலநீலிதநல்லூர். அந்த ஊர்க்காரருக்கு வெள்ளத்துரை என்று பெயர் வைத்ததே மழை வரட்டும் என்ற ஆசையில்தான் இருக்கும். மலேசியாவுக்கு வெல்டர் வேலைக்குப் போன பிறகுதான் நீந்தவே பழகினார். இன்று அவருக்குச் சொந்தமாக ஒரு பாய்மரப் படகு இருக்கிறது. நாற்பது வருஷத்துக்கு மேலான பழைய படகு. காலையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு பக்கத்துத் தீவுகளைச் சுற்றிக் காட்டிவிட்டுச் சாயங்காலம் கொண்டுவந்து விடுவார். படகுக்குள் சமையல் அக்கா. அவள் வைக்கிற மீன்குழம்புக்காகவே திரும்பி வருகிற வெள்ளைக்காரர்கள் உண்டாம்.

இந்த ஆடித்தபசுக்கு அக்கா ஊருக்கு வந்தபோது முகத்தில் களை இல்லை. கோவிலில் இருந்து நேரே பட்டறைக்கு வந்தாள். பையில் இருந்து பாதி துருப்பிடித்த ஒரு பட்டையையும், பென்சில் கோடு போட்ட ஏழெட்டுக் காகிதங்களையும் எடுத்து லேத்தின் மேல் வைத்தாள்.

"ஏலே ராசு, இத உன்னால செய்ய முடியுமா முடியாதா? முடியாதுன்னா இப்பவே சொல்லிரு. நாங்க படக வித்துட்டு ஊருக்கு வந்துருதோம்."

வைக்கோல் லாரியைப் பார்த்திருப்பீர்கள். பாரத்தை இழுத்துக் கட்டுகிற கயிறு கடைசியில் லாரியின் ஓரத்தில் உள்ள கொக்கியில்தான் முடியும். கொக்கி தெறித்தால் வைக்கோல் ரோட்டில். படகிலும் அப்படித்தான். நடுவில் நிற்கிற மரத்தை நாலா பக்கமும் கம்பிகள் இழுத்துப் பிடிக்கின்றன. ஒவ்வொரு கம்பியும் கீழே வந்து சேருகிற இடத்தில், படகின் உடம்போடு போல்ட் போட்டு முறுக்கிய ஒரு பட்டை. பட்டையின் மேல் நுனியில் ஒரு துளை. அதில் பின் என்கிற இரும்பு ஆணியைச் செருகிக் கம்பியை மாட்டுவார்கள். அக்கா கொண்டுவந்த பட்டை வெளியே தெரிகிற பக்கம் பளபளவென்று இருந்தது. மேல்தளப் பலகைக்குள் மறைந்திருந்த பகுதி மட்டும் சொத்தைப் பல் மாதிரி அரித்துப் போயிருந்தது.

வருடாந்தரப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடித்து, எட்டுப் பட்டையையும் மாற்றாமல் படகு, கட்டி நிற்கிற ஜெட்டித் துறையை விட்டு நகரக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். அங்கே செய்து தருகிற பட்டறையில் வரிசை நீளம். அதற்குள் சீசன் முடிந்துவிடும், லைசென்ஸும் முடிந்துவிடும். மறுபரிசோதனைக்கு ஒரே ஒரு தேதி கொடுத்திருந்தார்கள்.

அக்கா ஊருக்கு வந்துவிட்டால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் குரல் போன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. "முடியும்க்கா" என்றேன். என்ன வேலை என்று முழுசாகப் புரிவதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். அது என் பிறவிக் குணம்.

மதுரையில் இருந்து உப்புத்தண்ணீர் தாங்குகிற, முந்நூற்றுப் பதினாறு என்று நம்பர் போட்ட எஸ்.எஸ். ரகத்தில் பட்டை வரவழைத்தோம். கீழ்த்துளைகளுக்கு அத்தான் ஒவ்வொரு பட்டையையும் காகிதத்தில் வைத்துக் கோடு இழுத்துக் கொடுத்திருந்தார். மேல்துளைகள் தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டதால் அளவை எங்கள் ஊர்ப் பழைய கணக்கில் எழுத்தால் எழுதியிருந்தார்: "பின் துளை – நாலு நூல்." காகிதத்தை மாசானத்திடம் கொடுத்தேன். அவன் துளை அடித்தான். நான் பாலிஷ் போட்டேன். முடிந்ததும் எட்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தோம், முகம் தெரிந்தது. டீக்கடையில் நான் பேசிய பேச்சை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

கூரியரில் அனுப்பி வழியில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று பயந்து, நானே கொண்டுபோவதாக முடிவானது. அக்கா முன்னால் போய்விட்டாள். கிளம்புகிற அன்று மாசானம் பஸ் ஸ்டாண்டு வரை வந்தான்.

"அண்ணாச்சி, அங்கன எவனாவது கொற சொன்னா எனக்குப் போன் போடுங்க. நான் பேசிக்கிடுதேன்" என்றான்.

முதல் நாள் விமானம் இறங்கியது, பெட்டி இறங்கவில்லை. எல்லோருடைய பெட்டியும் சுற்றிச் சுற்றி வந்து போன பிறகு, கடைசியில் யாருடையதோ ஒரு குடை மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கவுண்டரில் இருந்த பெண் மிகவும் அன்பாக, பெட்டி வேறொரு விமானத்தில் வருகிறது என்றாள். பெட்டியில் என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "கப்பலைப் பிடிக்கிற இரும்பு" என்று சொன்னேன். அவள் என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

ஜெட்டியில் அத்தான் நின்றிருந்தார். அறுபது வயது, கருத்துப் போன தேகம், அரைக்கால் சட்டை. ஊரில் அவரை அரைக்கால் சட்டையில் பார்த்திருந்தால் பெண் கொடுத்திருக்க மாட்டோம்.

"மாப்ள, பட்டை எங்க?"

"வருது அத்தான்."

அவர் என் கைப்பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

படகுக்குள் போனால் ஒரு சின்ன வீடு. இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு சாமி படம். படுக்கைக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டி கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. என்னவென்று கேட்டேன். "இட்லிக் கொப்பரை" என்றாள் அக்கா. "ஊருக்குப் போறதுன்னா மொத அதத்தான எடுக்கணும்? இப்பவே கட்டி வச்சுட்டேன்." எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. படகு ஆடியதும் ஒரு காரணம்.

இரண்டாம் நாள் பெட்டியை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்ததில் தின்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஜெட்டிக்கு எதிரே ஒரு மலாய்க்காரம்மா கடை. வாழையிலையில் தேங்காய்ப்பால் சோறு, பக்கத்தில் வறுத்த நெத்திலிக் கருவாடு, வேர்க்கடலை, பாதி முட்டை, நாக்கைச் சுண்டுகிற மிளகாய் அரைப்பு. காலைச் சாப்பாடாம். மூன்று பொட்டலம் தின்றேன். ரொட்டி சனாய் என்று ஒன்று தருகிறார்கள், நம் பரோட்டாவுக்குத் தங்கச்சி. ஆனால் சால்னாவைக் கிண்ணத்தில் தொட்டுக்கொள்ளத்தான் தருகிறார்கள். எங்கள் ஊரில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, அது மூழ்கும்வரை சால்னா ஊற்றாவிட்டால் சண்டை வந்துவிடும். அந்தம்மா டீயை ஒரு குவளையில் இருந்து இன்னொரு குவளைக்கு ஆள் உயரத்துக்கு ஆற்றியபோது மட்டும் கண்ணில் ஊர் தெரிந்தது.

"உங்க தம்பி ஏன் இப்படிச் சாப்பிடுகிறார், கவலையா?" என்று அக்காவிடம் கேட்டாராம் அந்தம்மா. "இல்லை, எப்போதுமே இப்படித்தான்" என்று அக்கா பதில் சொன்னாளாம். அக்காவே எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லிச் சிரித்தாள். நான் வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மத்தியானம் பெட்டி வந்தது. எட்டுப் பட்டையையும் அத்தான் ஒவ்வொன்றாக வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம ஊர்லயா செஞ்ச?" என்றார். "அத்தான், தறிக்குப் பண்ணுத கை, படகுக்குப் பண்ணாதா?" என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் ஆரம்பித்தோம். ஒரு நேரத்தில் ஒரு பட்டையைத்தான் கழற்ற வேண்டும். இரண்டைச் சேர்த்துக் கழற்றினால் மரம் நம்மைக் கேட்காமல் சாய்ந்துவிடும். மரத்தின் உச்சியில் இருந்து வருகிற கயிறு ஒன்றை இழுத்துத் தற்காலிகமாகக் கட்டிக்கொண்டு, பழைய பட்டையை எடுத்தார் அத்தான். அளவெடுக்கக் கழற்றியபோது தப்பியது, இந்தத் தடவை கழற்றும்போதே இரண்டாக முறிந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். இதை நம்பியா இத்தனை நாள் ஆட்களை ஏற்றினார்கள்?

புதுப் பட்டையை இறக்கினோம். கீழே ஐந்து துளை, ஐந்து போல்ட். ஒவ்வொன்றும் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அத்தான் என் முதுகில் அறைந்தார். அக்கா கீழே இருந்து, "என்ன, சேந்துருச்சா?" என்று கத்தினாள். "அச்சா சேந்துருச்சுக்கா" என்று நானும் கத்தினேன். கம்பியை இழுத்து மேல்துளைக்கு நேராகப் பிடித்து, அத்தான் பின்னைச் செருகினார்.

போகவில்லை.

திருப்பிப் பார்த்தார், துடைத்துப் பார்த்தார், எண்ணெய் விட்டுப் பார்த்தார். அடுத்த பட்டையை எடுத்துப் பார்த்தார். எட்டிலும் போகவில்லை. நான் அளவு பார்க்கிற வெர்னியரை எடுத்தேன். துளை பன்னிரண்டு மில்லி. பின் பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு மயிரிழை குறைவு, அதாவது அரை இன்ச்.

உடனே மாசானத்துக்குப் போன் போட்டேன்.

"ஏலே, நாலு நூல்னா எத்தன மில்லிலே?"

"பன்னெண்டு மில்லி அண்ணாச்சி. இதுல என்ன சந்தேகம்? எந்தக் கம்பிக் கடையில வேணா போயி கேளுங்க, நாலு நூல் கம்பின்னா பன்னெண்டுதான் தருவான்."

அத்தான் போனைப் பிடுங்கினார். "ஏ மாசானம், எட்டு நூல் சேந்தா ஒரு இஞ்சி. அப்ப நாலு நூல் அரை இஞ்சி. ஆசாரிக்குத் தெரியாதாவே?"

"அது ஆசாரி நூலு, அண்ணாச்சி. நீங்க கேட்டது இரும்பு. இரும்புக்குக் கம்பிக்கடை நூலுதான். ஆசாரி நூல்னு எழுதிருக்கணும்லா?"

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அதுதான் வயிற்றெரிச்சல். தச்சுவேலையில் நாலு நூல் என்றால் சரியாக அரை இன்ச். கட்டிடக் கம்பி விற்கிற கடையில் நாலு நூல் என்று கேட்டால் பன்னிரண்டு மில்லியைத்தான் எடுத்துப் போடுவார்கள். யாரும் சண்டை போட மாட்டார்கள், கான்கிரீட்டுக்குள் போவதற்கு அது போதும். அத்தான் மலேசியா போய் முப்பது வருஷத்தில் அங்கே மில்லியில் பேசப் பழகியவர்தான். ஊருக்கு அனுப்புகிற காகிதம் என்பதால் ஆசையாக நூலில் எழுதியிருக்கிறார். எழுதியவர், அடித்தவன், காகிதத்தையும் பட்டையையும் பார்த்தும் வெர்னியர் வைக்காமல் பாலிஷ் போட்ட நான் – மூன்று பேரும் ஒரே ஊர்ப்பக்கம். வெளியாள் ஒருத்தன் நடுவில் இருந்திருந்தால் "எத்தனை மில்லி?" என்று கேட்டிருப்பான்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். இங்கே கால் நூல்கூட இல்லை. அதற்கு ஒரு படகு போகப் பார்த்தது. பரிசோதனைக்கு இடையில் இரண்டே நாள்.

அக்கா கீழே போய் அட்டைப்பெட்டியின் கயிற்றை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினாள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது, முழுக்க என்மேல்தான்.

"சின்னத் துளையைப் பெருசாக்கலாம். பெரிய துளையைத்தான் சின்னதாக்க முடியாது" என்றேன். தைரியத்துக்குத்தான் சொன்னேன். இந்த ரகம் லேசில் மசியாது. கையால் டிரில் பிடித்தால் சூடேறி, பிட்டையே தின்றுவிடும். நல்ல மிஷின் வேண்டும், துளையை மயிரிழை மயிரிழையாகச் சீவி அளவுக்குக் கொண்டுவருகிற ரீமர் வேண்டும்.

நான்காம் நாள், மாட்டிய பட்டையையும் கழற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டு, அத்தானின் பழைய வேனில் தீவுக்குள் இருக்கிற லிம் என்ற சீனரின் சின்ன ரிப்பேர்ப் பட்டறைக்குக் கிளம்பினோம். பாதி வழியில் வேன் நின்றது. ரோட்டோரக் குரங்கு ஒன்று வந்து கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துப் பல்லை இளித்தது. அரை மணி கழித்து ஒரு மலாய்க்காரர் தன் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டார். பின்னால் ஏற்கெனவே மூன்று ஆடுகள். நானும் அக்காவும் பட்டைப் பெட்டியும் ஆடுகளோடு உட்கார்ந்தோம். அத்தான் மட்டும் ஆட்டுக் காதைப் பிடித்துப் பார்த்து, பல்லைப் பார்த்து, "நல்ல ஆடு மாப்ள" என்றார். மேலநீலிதநல்லூர் ரத்தம், எந்தத் தீவில் விட்டாலும் ஆடு தெரியும்.

லிம்முக்கு எழுபது வயது இருக்கும். பனியனும் கைலியும். பட்டையை வாங்கினார், துளையில் சுண்டுவிரலை விட்டார், வெர்னியர் வைத்தார், என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். மலாயில் ஏதோ சொன்னார். "மில்லியும் இஞ்சியும் சண்டை போட்டா நடுவுல மாட்டுறது நம்மள மாதிரி ஆளுகதானாம்" என்றாள் அக்கா. என் கூடப்பிறந்த அண்ணனைப் பார்த்த மாதிரி இருந்தது.

அவர் ஒரு பழைய மேசையின் இழுப்பறையைத் திறந்தார். எண்ணெய்த்தாளில் சுற்றி, அரை இன்ச் ரீமர். மிஷினையும் எனக்கே விட்டுக்கொடுத்தார். ஆனால் வெட்டும்போது ஊற்றுகிற எண்ணெய் தீர்ந்துபோய், டவுனில் இருந்து இனிமேல்தான் வர வேண்டுமாம்.

"அக்கா, உன் பையில தலைக்குத் தேய்க்க எண்ண இருக்கா?"

"இருக்கு. எதுக்குலே?"

எங்கள் பட்டறையில் எஸ்.எஸ். வேலைக்குத் தேங்காய் எண்ணெய்தான். லிம் முதலில் நம்பவில்லை. பன்னிரண்டரை மில்லி பிட்டை மெதுவாகச் சுற்றவிட்டு, சொட்டுச் சொட்டாக எண்ணெயை விட்டு, அழுத்தம் குறையாமல் இறக்கினேன். சுருள் சுருளாக உலோகம் உதிர்ந்தது, பட்டறை முழுக்க அக்கா தலைவாசனை. பிறகு ரீமர். முதல் துளை முடிந்ததும் பின்னை எடுத்து வைத்தேன். விரலால் ஒரு தள்ளு. உள்ளே போய் அமர்ந்தது, ஆடவில்லை, அசையவில்லை. லிம் பின்னை வெளியே எடுத்து, தானே ஒருமுறை செருகிப் பார்த்தார். அப்புறம் இன்னொரு முறை. பிறகு போய் ஸ்டூலில் உட்கார்ந்து, என் வேலை முடிகிறவரை எழுந்திருக்கவில்லை. எட்டாவது துளை முடிந்தபோது கைதட்டினார். கூலி கேட்டபோது, மிச்ச எண்ணெய்ப் பாட்டிலைக் காட்டி அதைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

ஐந்தாம் நாள் விடிந்ததில் இருந்து இருட்டுகிறவரை மாற்றினோம். எட்டும் உட்கார்ந்தது. சாப்பிட மறந்துபோனேன். இதை என் வீட்டில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

ஆறாம் நாள் பரிசோதகர் வந்தார். மெலிந்த மனிதர், சட்டைப்பையில் ஒரு டார்ச், ஒரு சின்னச் சுத்தியல். சிரிக்கிற வழக்கம் இல்லாதவர். ஒவ்வொரு பட்டையையும் தட்டிக் கேட்டார், டார்ச் அடித்துப் பார்த்தார், ஒவ்வொரு பின்னையும் விரலால் ஆட்டிப் பார்த்தார். மூன்றாவது பின்னில் நின்றுவிட்டார். மறுபடி ஆட்டினார். "படகை வெளியே எடுங்கள்" என்றார்.

பாய் ஏறியது. காற்று பிடித்ததும் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, தண்ணீர் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு ஓடியது. காலையில் தின்ற நெத்திலி தொண்டைக்கு வந்துவிட்டது. ஆனாலும் கண்ணை எடுக்காமல் என் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரம் முழுக்க முறுகுகிறது, கம்பி விறைத்து முனகுகிறது, பட்டை நின்ற இடத்தில் நிற்கிறது. சங்கரன்கோவில் இரும்புடா என்று கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தினேன். பரிசோதகர் திரும்பிப் பார்த்தார்.

அவர் பரிசோதனைப் படிவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அத்தானிடம் பேசினார். அத்தான் எனக்குச் சொன்னார்: "இந்தப் பழைய படகுகள்ல பின்னு எப்பவும் கொஞ்சம் ஆடுமாம். ஆடி ஆடித்தான் துளை பெருசாகுமாம். இவ்வளவு கச்சிதமா இவரு பாத்தது இல்லையாம். எங்க செஞ்சதுன்னு கேக்காரு."

மாசானம் சரியாக அரை இன்ச் பிட்டில் அடித்திருந்தால், எங்கள் தேய்ந்த பிட்டுக்குத் துளை லொடலொடவென்றுதான் இருந்திருக்கும். தப்பாக அடித்ததால் ரீமருக்கு இடம் மிச்சமிருந்தது. இதை மாசானத்திடம் சொல்லக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன். சொன்னால், தெரிந்துதான் அடித்தேன் என்பான்.

தயாரித்த ஊருக்கு அந்தப் படிவத்தில் பத்துக் கட்டம் இருந்தது. எங்கள் ஊருக்கு இங்கிலீஷில் பதின்மூன்று எழுத்து. "சங்கரன் என்று போட்டுக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார்.

"கூடாது" என்றேன். "சங்கரன்னா எங்க ஊர்ல தெருவுக்கு நாலு பேரு இருக்கான். அது ஆளு பேரு. கோவிலையும் சேத்தாத்தான் ஊரு. அத்தான், சொல்லுங்க அவர்ட்ட."

அத்தான் சொன்னார். படகு சாய்ந்து ஓடிக்கொண்டிருக்க, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கத்தினேன். பரிசோதகர் கட்டத்தைத் தாண்டி, கோட்டையும் தாண்டி, ஓரத்து வெள்ளைத்தாளில் மிச்ச மூன்று எழுத்தையும் எழுதி முடித்து, கீழே கையெழுத்துப் போட்டார்.

கீழே இருந்து சத்தமே இல்லையே என்று குனிந்து எட்டிப் பார்த்தேன். அக்கா தரையில் உட்கார்ந்து, அரிவாள்மணையால் அட்டைப்பெட்டியின் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"ஏலே ராசு, நாளன்னிக்குத்தான போற? அரிசி ஊறப் போடுதேன், இட்லி தின்னுட்டுப் போ."